கப்பலுக்கு நிழல் வரும் நேரம்

பேருந்துப் பணிமனையில் எல்லாரும் அவளை நிமிஷக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த சொந்தப் பெயர் அவளுக்கே சில சமயம் வேற்றாள் பெயர் போலத் தோன்றும். வாசல் கேட்டை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுதான் அவள் இடம். இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து வண்டிகளை அனுப்பும் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதெல்லாம் அவள் தாளில் ஏறும். ஏறியதை மாற்ற யாராலும் முடியாது. மேலாளரே ஒருமுறை வந்து, "போனாப் போகட்டும், அந்த மூணு நிமிஷத்த விட்டுடுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். "நான் விட்டுடுவேன் சார். கடைசி ஸ்டாப்ல நிக்கிறவங்க விடணுமே" என்று சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

கறாரானவள் என்றாலும் யாருக்கும் அவள்மேல் கோபம் இருந்ததில்லை. வண்டி தாமதமானால் அவள் ஓட்டுநரைத் திட்டமாட்டாள். எங்கே நின்றது, எந்தத் திருப்பத்தில் மாட்டியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நிமிடங்கள் எங்கே சிந்தின என்று கண்டுபிடிக்காமல் ஓயமாட்டாள். வண்டி பொய் சொல்லாது, கடிகாரம்தான் சொல்லும் என்பது அவள் கட்சி. பல தடவை ஓட்டுநரின் கைக்கடிகாரமே குற்றவாளியாக அகப்பட்டிருக்கிறது.

ஒரு நாளைக்கு நானூற்றுச் சொச்சம் வண்டிகளைத் திசைக்கொன்றாக அனுப்பிய அவள், அந்த வண்டிகளின் கடைசி நிறுத்தங்களுக்கு அப்பால் போனதே இல்லை. போக வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கணவருக்கு வீட்டுக்குக் கீழேயே முடிதிருத்தும் கடை. பாட்டன் காலத்தில் மேற்கே கடல் கடந்து வந்து குடியேறிய இந்த ஊரை விட்டு நகர அவருக்கும் மனசு வராது. இப்படிப்பட்ட இரண்டு பேருக்குப் பிறந்த ஒரே மகள்தான் கடலுக்குப் போனாள்.

சமையல் படித்தவள். ஏதாவது ஹோட்டலில் சேருவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கடலடியை அளந்து படம் போடும் ஆய்வுக் கப்பல் ஒன்றில் சமையற்காரியாக வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாள். நிமிஷக்கா இரண்டு நாள் வழக்கம்போல வண்டிகளை அனுப்பினாள். மூன்றாம் நாள் அவள் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கப்பல் என்னைக்குக் கிளம்பும், என்னைக்குத் திரும்பும்னு எழுதின தாள் இருக்கா?"

"கிளம்புற தேதி இருக்கும்மா. திரும்புற தேதி கடலப் பொறுத்து."

திரும்பும் நேரம் எழுதாமல் நிமிஷக்கா எந்த வண்டியையும் கேட்டைத் தாண்ட விட்டதில்லை.

அது நடந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை தோறும், கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பில் மகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பேசலாம், செய்தி அனுப்பலாம். மற்ற ஆறு நாளும் கப்பல் இருக்கிற திசையே தெரியாது.

அந்த வியாழக்கிழமை பேச்சு சரியாக வரவில்லை. இரைச்சல்தான் வந்தது. அதற்குப் பதிலாக ஒரு செய்தியும் ஒரு புகைப்படமும் வந்து விழுந்தன.

"அம்மா, வர்ற செவ்வாய்க்கிழமை இங்க முழு சூரிய கிரகணம். நிழல் போற வழியில கப்பலக் கொண்டுபோய் நிறுத்தப்போறாங்க. மூணு நிமிஷம் எட்டு செகண்டு பகல் இருட்டாயிடும். எங்க கடிகாரத்துல காலைல ஏழு இருபத்தொண்ணு அதோட நடு. அந்த நேரத்துல உனக்கு வெயில் இருந்தா நீயும் சூரியனப் பாரு. நீ பாக்குறேன்னு நான் நெனச்சுக்குவேன். கறுப்புக் கண்ணாடி இல்லாம பாக்காத. கூட இருக்கிறது எங்க சமையலறை போர்டு, நான் எழுதின மெனுவப் பாரு."

படத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. மகளின் கையெழுத்தில் பட்டாணி சூப், வறுத்த மீன். அதைச் சுற்றிக் கப்பல் அதிகாரிகள் ஒட்டியிருந்த சின்னச் சின்னச் சீட்டுகள். கிரகண அன்று கப்பல் நிற்கப்போகும் இடம் ஒரு சீட்டில் டிகிரிக் கணக்கில் இருந்தது.

நிமிஷக்கா மெனுவை மூன்று தடவை படித்தாள். பிறகு கணக்குக்கு வந்தாள். கப்பல் கடிகாரம் நம் கடிகாரத்துக்குப் பதினோரு மணி நேரம் பின்னால் என்று போன மாதம்தான் மகள் சொல்லியிருந்தாள். ஏழு இருபத்தொன்றோடு பதினொன்றைக் கூட்டினால் மாலை ஆறு இருபத்தொன்று. ஊரில் அப்போது ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கெல்லாம் சூரியன் விழுந்துகொண்டிருந்தது.

"பத்தொம்பது நிமிஷத்துல போச்சு" என்றாள் கணவரிடம். வண்டியைத் தவறவிட்டவள் குரல் போலிருந்தது.

"போனா என்ன? ஆறு மணிக்கே பாத்துட்டுப் போய்ச் சேரு. அவளுக்கென்ன தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அவர் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தார். கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவரின் கைப்பேசியில் கிரகணத்தைக் காட்டும் செயலி இருந்தது. அவரைப் பிடித்துக் கேட்டதில், 'உங்கள் இடத்தில் தெரியாது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அது நின்றுகொண்டது. இன்னொருவர், கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும் என்றார். பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த மூன்றாமவர், அங்கே தேதியே வேறாக இருக்கும் என்று தன் பங்குக்குக் குட்டையைக் குழப்பினார். ஆளுக்கொரு நேரம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலைக்காகாது என்று அவளுக்குப் பட்டது. திங்கட்கிழமை நகராட்சி நூலகத்துக்குப் போனாள்.

நூலகர் அவளைவிட வயதில் சிறியவள், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது.

"ஒரு தடிப் புத்தகம் இருக்குங்க. நான் சேர்ந்த நாள்ல இருந்து யாரும் எடுத்ததில்ல. நூறு வருஷக் கிரகணமெல்லாம் அதுல இருக்குன்னு ஞாபகம். அடியில எங்கயோ கிடக்கு. நாளைக்குக் காலைல வாங்க, எடுத்து வைக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை காலை நிமிஷக்கா போனபோது புத்தகம் மேஜைமேல் தயாராக இருந்தது. கனமான காலிகோத் துணி அட்டை, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல. நூலகர் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அன்றைய தேதி மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி. முதல் பத்தியில் நேரம். அடுத்தடுத்த பத்திகளில் அந்த நேரத்தில் நிழலின் நடுப்புள்ளி பூமியில் எங்கே இருக்கும் என்பது டிகிரிக் கணக்கில்.

நிமிஷக்கா பக்கத்தைப் பார்த்தபடியே நின்றாள். அவளுக்கு அது யாரும் விளக்கிச் சொல்லாமலே புரிந்தது. எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு என்று வரிசையாக எழுதிய தாள். அவள் ஆயுசு முழுக்கப் படித்துக்கொண்டிருந்த ஜாதிதான் அது.

"இது எப்ப அச்சடிச்சது?"

நூலகர் முன்பக்கத்தைப் பார்த்தாள். "முப்பத்தொரு வருஷம் ஆச்சுங்க."

மகளுக்கு வயது இருபத்தாறு. மகள் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே, அவள் அப்பாவை இவள் பார்த்திருக்கக்கூட இல்லாத காலத்திலேயே, இன்றைக்கு அவள் தலைமேல் விழப்போகும் இருட்டின் நிமிடம் அச்சாகி, இந்த அலமாரியின் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்திருக்கிறது. நிமிஷக்கா அந்தத் தேதியின்மேல் விரலை வைத்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி தரட்டுங்களா?"

"வேணாம்மா. ஒரு நகல் மட்டும் எடுத்துக் குடு."

நூலகர் நகலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தாள்: 'எல்லாம் உலக நேரம். நம்ம ஊர் நேரம் அதைவிட மூணு மணி கூட.'

மதியம் ஒரு மணிக்கு வேலை தொடங்கியது. மூன்றரை வரை மூச்சு விட நேரமில்லை. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் ஓய்ந்தது. அவள் நகலை விரித்து, கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கப்பல் நிற்கும் இடம் மேற்கே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. தாளில் நூற்றுப் பன்னிரண்டு இல்லை. பதினாலு இருபதுக்கு நிழல் நூற்றுப் பதின்மூன்றே முக்காலில் இருந்தது. பதினாலு இருபத்திரண்டுக்கு நூற்றுப் பத்தரையில். இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் ஒரு நிறுத்தம் என்றால் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினாலு இருபத்தொன்று. மூன்றைக் கூட்டினால் பதினேழு இருபத்தொன்று.

மாலை ஐந்து இருபத்தொன்று.

அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். மகள் சொன்னபடி ஆறு இருபத்தொன்று, புத்தகம் சொன்னபடி ஐந்து இருபத்தொன்று. நிமிடம் நூல் பிடித்தாற்போல் ஒத்துப்போகிறது, ஒரு மணி நேரம் மட்டும் உதைக்கிறது.

புத்தகம் பழசு, தப்பாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. தாளில் கீழே இறங்கி, ஒரு மணி நேரம் கழித்து, பதினைந்து இருபத்தொன்றை ஒட்டி நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். எழுபது டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பலை விட்டு நாற்பது டிகிரிக்கு மேல் தாண்டி, கடலே முடிந்து, வேறொரு நிலத்தின்மேல். இது இரண்டு நிமிடத் தவறு இல்லை. மகள் சொன்ன நேரமாக ஆறு இருபத்தொன்றை எடுத்துக்கொண்டால், அப்போது அந்தக் கப்பலில் பளபளவென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் தப்பு நிழலில் இல்லை. கடிகாரத்தில்தான்.

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வேகம் பிடித்தது. தாமதமான வண்டியின் நிமிடங்களைத் தேடுகிற மாதிரி, பலகைப் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் துழாவினாள். துவைக்கிற முறை யாருக்கு, மருந்துப்பெட்டிச் சாவி யாரிடம். அதற்கும் கீழே, மகள் எழுதிய மெனுவின் ஓரம் மேலே படிந்து பாதி மறைந்த ஒரு சீட்டு. எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'கிழக்கே திரும்புவதால், திங்கள் இரவு எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளவும்.'

இப்போது பதினொன்று இல்லை, பத்து. ஏழு இருபத்தொன்றும் பத்தும் பதினேழு இருபத்தொன்று. புத்தகமும் கப்பலும் கைகோத்துக்கொண்டன.

அவள் கூண்டை விட்டு இறங்கி, வாசலில் நின்று மேற்கே பார்த்தாள். சூரியன் பட்டறைக் கூரைக்கு மேலே நல்ல உயரத்தில் இருந்தது. கையில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கண் கலங்கியதை வெயில்மேல் போட்டுவிட்டு, நேரே பட்டறைக்கு நடந்தாள்.

"வெல்டர் தம்பி, முகத்துக்குப் போடுற கறுப்புக் கண்ணாடி இருக்குல்ல. இருக்கிறதுலயே இருட்டான கண்ணாடியா ஒண்ணு வேணும். சூரியனப் பாக்கணும்."

வெல்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சூரியனுக்கு என்னக்கா ஆச்சு?"

"இங்க ஒண்ணும் ஆகல. என் பொண்ணு இருக்கிற இடத்துல மறையப்போகுது. அஞ்சு பத்தொம்பதரைல இருந்து அஞ்சு இருபத்திரண்டரை வரைக்கும்."

பட்டறையில் அதற்குமேல் வேலை நடக்கவில்லை. நிமிஷக்கா ஒரு நேரம் சொன்னால் அந்த இடத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. ஐந்தே காலுக்கெல்லாம் வெல்டர், மெக்கானிக்குகள், ஓய்வில் இருந்த நடத்துநர்கள் என்று ஏழெட்டுப் பேர் கேட் பக்கம் கூடிவிட்டார்கள். ஐந்து இருபதுக்குக் கிளம்ப வேண்டிய பதினான்காம் நம்பர் வண்டி பயணிகளோடு உறுமிக்கொண்டு நின்றது. எப்போது பார்த்தாலும் கொட்டாவி விடுவதால் கொட்டாவி என்றே பெயர் வாங்கிய ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"அக்கா, இன்னைக்கு ஒரு மூணு நிமிஷம் நின்னு போறேனே. நானும் பாக்குறேன்."

"அந்த நிழலே நேரத்துக்கு வருது தம்பி. உன் வண்டி நிக்கலாமா?"

சரியாக ஐந்து இருபதுக்கு விசில் ஊதினாள். வண்டி கேட்டைத் தாண்டியது. கண்ணாடியைக் கண்ணுக்கு வைத்து மேற்கே திரும்பினாள்.

கறுப்புக்குள் சூரியன் பச்சை வட்டமாக இருந்தது. ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தட்டுப் போல முழுசாக, எப்போதும் போல.

"ஒண்ணுமே ஆகலயேக்கா" என்றார் பின்னாலிருந்து வெல்டர்.

"ஆகிட்டிருக்கு" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. இதே சூரியன். இதே நொடி. வேறொரு சூரியன் அங்கே கிடையாது. மகளுக்கு அது கிழக்கே, இப்போதுதான் கடலை விட்டு ஏறியிருக்கிறது. இவளுக்கு மேற்கே, இறங்கப் போகிறது. நடுவில் பூமி தன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அந்த வயிற்றின் இரண்டு ஓரத்தில் நின்று இரண்டு பேரும் ஒரே வட்டத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒருத்தி கண்ணுக்கு அது முழுசு. ஒருத்தி கண்ணுக்கு அது இல்லை.

இவள் கன்னத்தில் வெயில் இதமாக விழுந்துகொண்டிருந்தது. அங்கே மகளின் கன்னத்தில் இந்நேரம் சூடு நின்றிருக்கும். ஒன்றே முக்கால் வருடமாக மகள் எங்கோ தொலைவில் இருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த மூன்று நிமிடத்தில்தான் தொலைவு என்பதற்கு ஒரு வடிவம் இருக்கிறது என்று தெரிந்தது. உருண்டை வடிவம். தான் நிற்கிற இந்த எண்ணெய்க்கறை படிந்த தரையும் அதே உருண்டையின் தோல்தான் என்று நினைத்தபோது, கால் தரையில் பதிந்திருப்பதே பெரிய விஷயமாகப் பட்டது. பயம் இல்லை. ஒரு பெரிய சபைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளின் கூச்சம் போல ஏதோ ஒன்று.

மெக்கானிக் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போய், பார்த்தவர்கள் எல்லாரும் முழுச் சூரியனை மட்டும் பார்த்து, பார்க்காத எதையோ பார்த்தவர்கள் போலத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"இருபத்திரண்டரை" என்றாள் நிமிஷக்கா, கடிகாரத்தைப் பார்த்து. "முடிஞ்சுது. அங்க வெளிச்சம் வந்திருக்கும்."

வெல்டர் பெருமூச்சு விட்டார். "இதெல்லாம் யாரு போட்டு வச்சதுக்கா, இந்த நேரத்த?"

"போட்டு வைக்கல தம்பி. எல்லாம் அது அது போற வேகத்துல போகுது. யாரோ குந்திக்கிட்டு எண்ணிப் பாத்திருக்காங்க, அவ்வளவுதான்."

அதைச் சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போய், ஐந்து இருபத்தெட்டு வண்டிக்கான தாளை எடுத்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. சூரியன் விழுந்து கால் மணி நேரம் ஆனபோது, வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளின் கைப்பேசி அடித்தது. இந்தத் தடவை குரல் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக வந்தது.

"அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடு. பாத்தியா? கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளுனத நான் சொல்லவே மறந்துட்டேன். மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சு. நீ ஆறு இருபத்தொண்ணுக்குப் போய் இருட்டுல நின்னிருப்பியோன்னு ரெண்டு நாளா தூக்கமில்ல."

"அஞ்சு இருபத்தொண்ணுக்குப் பாத்தேன். நீ சொல்லு, எத்தனைக்கு ஆரம்பிச்சுது?"

"ஏழு பத்தொம்பதரை."

நிமிஷக்கா கொடியில் இருந்த துணியைப் பிடித்தபடி நின்றாள். "ம்" என்றாள்.

மகள் பேசிக்கொண்டே போனாள். அடுப்பை எல்லாம் அணைத்துவிட்டு மேல்தளத்துக்கு ஓடியதை, மேற்கே கடல்மேல் ஒரு கருநீலச் சுவர் சத்தமே இல்லாமல் ஓடி வந்ததை, கப்பலை விழுங்கியதை. சூரியன் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டமும் அதைச் சுற்றி வெள்ளை முடி போல ஒளியும். எதற்கும் அசையாத கேப்டன் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மியது.

"நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அம்மா இதைத்தான் பாத்துட்டிருக்கா, ஆனா அவளுக்கு முழுசாத் தெரியும்னு நெனச்சேன். அப்பத்தான்மா பயம் போச்சு. அந்தப் பக்கம் பத்திரமா இருக்குன்னு தோணுச்சு."

நிமிஷக்கா பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அதைப் பார்த்தாள். மேற்கே, அணைந்துகொண்டிருந்த சிவப்புக்கு மேலே, நகத்தை வெட்டிப் போட்டது போல ஒரு பிறை. செவ்வாய்க்கிழமை சூரியனுக்கு முன்னால் போய் நின்றது இதுதான். இரண்டு நாளில் இவ்வளவு தூரம் நகர்ந்துவந்து, ஒன்றும் தெரியாதது போல வீடுகளுக்கு மேலே தொங்குகிறது.

"என்னம்மா, சத்தத்தக் காணோம்?"

"நிலா வந்திருக்குடி. அன்னைக்கு மறைச்சுதே, அது. இந்தத் துணுக்கா உன் கேப்டன அழ வச்சுது?"

"எங்க? இங்க காலை வெயில்மா. ஒண்ணும் தெரியல."

நிமிஷக்கா மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்தொன்பது. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

"உங்க கடிகாரத்த மறுபடி தள்ளிட்டாங்களா?"

"இல்ல, அப்படியே இருக்கு."

"அப்பன்னா உனக்கு இன்னும் பத்து மணி நேரம் இருக்கு. சாயங்காலம் சூரியன் விழுந்ததும் வெளிய வா. மேற்கப் பாரு. இங்க இருக்கிறதவிட ஒரு பொட்டு உயரமா இருக்கும், அந்நேரத்துக்குள்ள நகர்ந்திருக்கும். சமையல்ல மறந்துடாத."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே பத்து நிமிடம் தீர்ந்து தொடர்பு அறுந்தது. நிமிஷக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

"நாற்காலில ஆள் இருக்கு" என்றார் கணவர் கடைக்குள்ளிருந்து.

"அவரையும் கூட்டிட்டு வாங்க."

பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளரும், சீப்பும் கையுமாகக் கணவரும் தெருவில் வந்து நின்று, அவள் காட்டிய பக்கம் அண்ணாந்து பார்த்தார்கள்.